நான்கு வீட்டுக்கு ஒரு மீட்டர்

கோடை மத்தியானத்தில் ஃபேன் நின்றதும் முதலில் கேட்பது ஈக்களின் இரைச்சல். அடுத்து, தூக்கத்தில் அப்பா புரளும்போது கோரைப்பாய் நெரிபடும் சத்தம்.

ஓமலூர்ப் பக்கம் ஒரு "லைன் ஊட்டில்" குடியிருந்தோம். வரிசையாக நான்கு வீடு, எல்லாவற்றுக்கும் ஒரே மீட்டர். இரண்டு மாதத்தில் ஐந்நூறு யூனிட்டைத் தாண்டினால், தாண்டியதற்கு மட்டுமல்ல, அதற்கு முன் ஓடியதற்கும் விலை ஏறும் என்பதால், யார் வீட்டில் என்ன ஓடுகிறது என்பது எல்லார் காதிலும் இருந்தது. வெயில் ஏறியதும் பெண்கள் தங்கள் வீட்டு ஃபேன்களை நிறுத்திவிட்டு, தையல்காரி சரசக்கா வீட்டு ஃபேனுக்கடியில் கூடிச் சின்ன வெங்காயம் உரிப்பார்கள். அதற்குப் "பொதுக் காத்து" என்று பெயர்.

அதற்குள் அடங்காதவர் லாரி டிரைவரான என் அப்பா ஒருவர்தான். இரவெல்லாம் ஓட்டிவிட்டு வந்து பகலில் படுப்பவர். அந்தத் தூக்கத்தை நம்பித்தான் மறு இரவு ஸ்டியரிங்கைப் பிடிக்க வேண்டும்.

"ஏனுங் மல்லிகாக்கா, அண்ணன் வந்து படுத்தும் உங்கூட்டு ஃபேனு மட்டும் இன்னும் லாரி ஓட்டிக்கிட்டே இருக்குதுங்களே" என்பார் சரசக்கா அம்மாவிடம். எல்லாரும் சிரிப்பார்கள், அம்மாவும் சிரிப்பாள். வீட்டுக்குள் வந்ததும் சுவிட்சை அணைத்துவிடுவாள். அப்பா வேர்த்து விழித்துக் கேட்டால், "கரண்டு போச்சுங்க" என்பாள். மின்வெட்டு மலிந்திருந்த காலம், அவரும் நம்பினார். ஒருநாள் அவள் அப்படிச் சொல்லி முடிப்பதற்குள், சுவருக்கு அந்தப் பக்கம் சரசக்காவின் மோட்டார் வைத்த தையல் மிஷின் ஓடத் தொடங்கியது. அப்பா சுவரைப் பார்த்தார், பிறகு பாயைச் சுருட்டினார்.

"செட்டுல லாரிக்கடியில நெழலாத்தான் இருக்குது. அங்கயே படுத்துக்கறேன். நீ பேச்சு வாங்காத."

அந்த முறை யூனிட் ஐந்நூறுக்குள் நின்றது, லைனே மகிழ்ந்தது. அப்பா சோறு தின்ன மட்டும் வந்து போனார். பிறகு ஒரு விடியலில், தொப்பூர் இறக்கத்தில் கண் சொருகி, வண்டியைத் தடுப்புச் சுவரில் உரசிவிட்டார். சிராய்ப்போடு தப்பினார். மறுநாள் அம்மா பாயை விரித்து, ஃபேனைப் போட்டு, யார் என்ன சொன்னாலும் அணைக்காமல் காத்திருந்தாள். அவர் லாரி நிறுத்தும் செட்டுக்கே போய்விட்டார். வெறும் பாய்க்கு மேலே மாலை வரை ஃபேன் சுற்றியது.

இன்று நான் மின் பொறியாளர். வீட்டு மின்செலவைக் குறைக்கும் செயலி ஒன்றில் வேலை. "உங்கள் தெருவில் மற்றவர்களைவிட நீங்கள் அதிகம் செலவழிக்கிறீர்கள்" என்று ஒரு செய்தி அனுப்பினால், விலையோடு அதுவும் சேர்ந்து மக்களைத் திருத்தும் என்கிறார்கள். திருத்தும், பார்த்திருக்கிறேன். பகலில் உறங்குபவர் வீட்டில் உண்டா என்று முதலில் கேட்க வேண்டும் என்றேன். அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்றார்கள்.

லைன் வீட்டை இடித்தாயிற்று. சரசக்கா ஆத்தூரில் மகளோடு இருக்கிறார். பொதுக் காத்தும் இல்லை, வெங்காய வாசனையும் இல்லை. அயோத்தியாப்பட்டணத்தில் எங்களுக்குச் சொந்த வீடு. லாரியை விட்டுவிட்ட அப்பா இப்போதும் மத்தியானம் படுக்கிறார். நான் ஃபேனைப் போட்டுவிட்டு நகர்ந்தால் எழுந்து அணைக்கிறார்.

"இது நம்ம தனி மீட்டருப்பா."

"தெரியுது சாமி. அது ஓடுனா யாரோ பேசறாப்பலயே இருக்குது. தூக்கம் வரமாட்டேங்குது."