குத்துச்சண்டைக்காரரின் அல்பம்

இத்தாலியில், பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பின்னால், மூன்றாம் மாடியில் தனியாக வாழ்ந்த முன்னாள் ஹெவிவெயிட் குத்துச்சண்டை வீரரை அம்மா பராமரித்து வந்தார். பல்கலைக்கழக வகுப்புகள் முடிந்ததும் நானும் அங்கே போவேன். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். அம்மா இத்தாலியன் பேசுவார், வாசிக்கத் தெரியாது. கிழவர் என்னைக் கேலியாக 'தொத்தொரெஸ்ஸா' என்பார், ஏதோ பட்டம் வாங்கி முடித்தவள் போல.

அவருக்குக் கண் மங்கியிருந்தது. பத்திரிகைச் செய்திகள் ஒட்டிய அவருடைய அல்பத்தை நான்தான் சத்தமாக வாசிப்பேன். கடைசிப் பக்கங்கள் வந்தால் தன் பெரிய கையால் மூடிவிடுவார். "நான் ஒருநாளும் தரையில் விழுந்ததில்லை" என்பார். அவர் குளிக்கும்போது அந்தப் பக்கங்களை நான் வாசித்திருந்தேன். மூன்று முறை நினைவிழந்து விழுந்திருக்கிறார். கடைசித் தடவை தூக்கிக்கொண்டுதான் போனார்கள்.

இந்த வருடம் குசினியில் அடுப்பை அணைக்க மறந்தார். நடை தடுமாறியது. மூவருமாக மருத்துவரிடம் போனோம்.

"அடிபட்டு எத்தனை தரம் நினைவிழந்தீர்கள்? அது தெரிந்தால்தான் சரியான மருந்து தரலாம்" என்றார் மருத்துவர்.

"ஒருதரமும் இல்லை."

அம்மா என் பக்கம் குனிந்து தமிழில் கேட்டார். "உண்மையோ பிள்ளை?"

"இல்லை அம்மா. மூண்டு தரம். அல்பத்திலை கிடக்கு."

"சொல்லாதை. மனுசன் வெக்கப்படும்."

"சொல்லாட்டி மருந்து பிழைச்சுப் போகும்."

"என்ன, இரண்டு பேரும் எனக்கு எதிராகப் பந்தயம் கட்டுகிறீர்களா?" என்று கிழவர் சிரித்தார்.

அம்மா பெருமூச்சு விட்டார். "நீ படிச்சனி. உனக்குத்தான் விளங்கும்."

மருத்துவரிடம் மூன்று என்றேன். எந்தெந்த ஊர்களில் என்றும் சொன்னேன். அதைச் சொல்லியிருக்கத் தேவையில்லை. கிழவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மருந்து மாறியது. தடுமாற்றம் குறைந்தது. திரும்பவும் கேட்டால் திரும்பவும் சொல்வேன்.

அடுத்த கிழமை போனபோது அல்பம் அம்மாவின் மடியில் இருந்தது. அம்மா ஒவ்வொரு படமாகத் தொட்டு, இது எந்த ஊர் என்று கேட்க, அவர் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசிப் பக்கங்களைக்கூட மூடவில்லை. அவற்றில் இருந்ததெல்லாம் வெற்றி என்றார். அம்மா தலையாட்டினார்.

என்னைக் கண்டதும் கிழவர் அல்பத்தை மூடினார்.

"வாருங்கள், சிஞ்ஞோரீனா" என்றார், முன்பின் தெரியாத இளம்பெண்ணை அழைப்பதுபோல் மரியாதையாக.

நான் புத்தகங்களை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனேன்.