ஸ்ராட்டில் நின்ற கார்

ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கங்களைப் பதினொரு ஆண்டுகளாகக் குறிப்பெடுத்து வருகிறேன். திகதி, வானிலை, வேதவசனம், தொடங்கிய நேரம், முடிந்த நேரம், அதன்பின் சாரம். கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் தரம் பார்ப்பவனாக இருந்தபோது ஒட்டிக்கொண்ட பழக்கம். திகதி போடாமல் விட்ட எதுவும் நடந்ததாகவே எனக்குப் படுவதில்லை. இப்போது ஏழாவது கொப்பி.

எங்கள் சபைக்குச் சொந்தக் கட்டடம் கிடையாது. கனடாவின் ஸ்காபரோவில் தரை ஓடு விற்கும் கடைக்கும் கேற்றரிங் சமையற்கூடத்துக்கும் நடுவில் ஒரு யூனிற்றை வாடகைக்கு எடுத்திருக்கிறோம். ஆராதனையின் பிற்பாதி எப்போதும் மட்டன் ரோல் வாசனையோடுதான் நடக்கும். பிரசங்கிக்கும் பாஸ்ரர் கிழமை நாட்களில் ட்ரக் ஓட்டுகிறவர். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர்.

மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய குளிர்காலத்தில் நூலகத்திலிருந்து பியூரிட்டன் போதகர்களைப் பற்றிய தடித்த புத்தகங்களை எடுத்துவந்து படித்துக்கொண்டிருந்தேன். இங்கிலாந்திலிருந்து கடல் கடந்து அமெரிக்கக் கரையில் குடியேறியவர்கள் அவர்கள். நரகத்தைக் காட்டிக் கத்தியவர்கள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். படிக்கப் படிக்க வேறொன்று தெரிந்தது. ஒரு வசனத்தை எடுப்பார்கள், அதிலிருந்து ஓர் உபதேசத்தைப் பிரிப்பார்கள், வக்கீலைப்போலக் காரணங்களை வைப்பார்கள். அதுவரை கேட்பவர் தலையாட்டிக்கொண்டே இருக்கலாம். கடைசியில்தான் போதகர் அவர் பக்கம் திரும்பி, இதெல்லாம் உனக்கு எப்படிப் பொருந்துகிறது என்று கேட்பார். வீட்டிலும் வயலிலும் அன்றாடம் காணும் பொருட்களைக் கொண்டே பயத்தைக் கட்டுவார்கள். வீட்டுக்குப் போன பிறகும் அந்தப் பொருள் அங்கேயே இருக்கும் அல்லவா.

இன்னொரு செய்தி என்னை மிகவும் மகிழ்வித்தது. அந்தச் சபைகளில் சாதாரணமானவர்களும் பிரசங்கத்தைக் குறிப்பெடுப்பார்களாம். வீட்டுக்குப் போய், வரமுடியாமற்போனவர்களுக்கு அதைத் திரும்பச் சொல்வார்களாம். எனக்கு முன்னோர் கிடைத்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.

அந்தக் குளிர்காலத்தின் மாசி மாதத்து இரண்டாம் ஞாயிறு உறைமழை பெய்தது. அஜக்ஸில் இருக்கும் என் அக்காவால் வரமுடியவில்லை. அன்று பாஸ்ரர் எடுத்துக்கொண்டது பத்துக் கன்னிகைகளில் பிந்தி வந்தவர்களுக்குக் கதவு அடைக்கப்பட்ட உவமை. நாற்பத்தேழு நிமிடங்கள். முதலில் 401 நெடுஞ்சாலையின் கறுப்புப் பனியைச் சொன்னார். அது கண்ணுக்குத் தெரியாது, காரில் போகிறவர் இரவைக்கு என்ன கறி என்று யோசித்துக்கொண்டிருப்பார், ரயர் மட்டும் ஏற்கெனவே பிடியை விட்டிருக்கும் என்றார். முன்வரிசையில் ஒருவர் கையிலிருந்த கார்ச் சாவியைப் பொக்கற்றுக்குள் போட்டார். பிறகு குரலை உயர்த்துவார் என்று எதிர்பார்த்தேன். தாழ்த்தினார். அதுவரை ‘நீங்கள்’ என்று பேசியவர் ‘நீ’ என்று மாறினார்.

“சிலர் வாசல் மட்டும் வருவினம். கார் ஸ்ராட்டிலை நிக்கும். கதவும் திறந்துதான் கிடக்கும். உள்ளுக்கு மட்டும் வரமாட்டினம். ஒரு நாளைக்குக் கதவைச் சாத்துவினம். அப்ப நீ வெளியிலை.”

முந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய அதே கட்டு, தொழிற்பேட்டை யூனிற் ஒன்றில், யாழ்ப்பாணத் தமிழில். ஓரத்தில் ஒரு நட்சத்திரம் போட்டேன்.

செவ்வாய்க்கிழமை ரயிலெடுத்து அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா மேசையில் முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கொப்பியை விரித்து வாசித்தேன். பாஸ்ரர் நிறுத்திய இடங்களில் நிறுத்தினேன், தாழ்த்திய இடங்களில் தாழ்த்தினேன். நட்சத்திரம் போட்ட இடம் வந்தபோது கத்தியின் சத்தம் நின்றது. நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. நன்றாக வாசிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு கடைசிவரை வாசித்து, நேரத்தையும் சொல்லி முடித்தேன். அக்கா தேத்தண்ணி வேணுமோ என்று கேட்டாள். ரயிலில் திரும்பும்போதும் எனக்கு உறைக்கவில்லை.

சனிக்கிழமை அவள் எனக்குத் தொலைபேசி எடுத்தபோதுதான் உறைத்தது.

என் அத்தான், அக்காவின் கணவர், கடைசிவரை சைவ சமயத்தவர். அக்கா கனடா வந்த பிறகு ஞானஸ்நானம் எடுத்தவள். அதைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொன்னதில்லை. ஞாயிறு தவறாமல் அஜக்ஸிலிருந்து அவளைக் கூட்டிவந்து இறக்கிவிட்டு, ஆராதனை முடியும் மட்டும் வாகனத் தரிப்பிடத்தில் காருக்குள் இருந்து தமிழ் வானொலி கேட்பார். குளிர்காலத்தில் கார் முழுநேரமும் எஞ்சின் அணையாமல் ஸ்ராட்டில் நிற்கும். ஆறு ஆண்டுகள் அப்படி. அந்தக் காரை அறியாதவர் சபையில் இல்லை. அப்போது அவர் இறந்து மூன்று ஆண்டுகள் ஆகவிருந்தன. அவருடைய கதையை நல்ல உதாரணம் என்று நட்சத்திரம் போட்டு அவர் மனைவிக்கே வாசித்துக் காட்டியிருந்தேன்.

பங்குனியில் அவருடைய நினைவு நாள். ஆண்டுதோறும் அக்கா அவருக்குப் பிடித்ததெல்லாம் சமைத்து, சபைக்காரரையும் அத்தானின் சைவச் சொந்தங்களையும் ஒரே மேசைக்குக் கூப்பிடுவாள். இந்த முறை இல்லை என்று தொலைபேசியில் சொன்னாள். காரணம் கேட்டேன்.

“அவர் அங்கை எரிஞ்சுகொண்டிருக்கேக்கை நாங்கள் இருந்து கணவாய்க்கறி சாப்பிடுறதோ, தம்பி?”

எரிகிறார் என்று பாஸ்ரர் சொல்லவில்லை என்றேன். வெளியில் என்றால் வேறென்ன என்று கேட்டாள்.

அன்று பின்னேரமே யூனிற்றுக்குப் போனேன். பாஸ்ரர் தனியாக, மறுநாள் சபையார் உட்கார மடக்குக் கதிரைகள் போட்டுக்கொண்டிருந்தார். நானும் நாலைந்தை விரித்துப் போட்டுவிட்டு விஷயத்தைச் சொன்னேன். கையிலிருந்த கதிரையை விரிக்காமலே அதன்மேல் கையூன்றி நின்றார்.

“நான் அவரை நினைச்சுச் சொல்லேல்லை, அண்ணை,” என்றார். “பின்வரிசைப் பெடியள் அடிக்கடி வெளியிலை போறாங்கள். அவங்களுக்குத்தான் சொன்னனான்.”

பிறகு, பனியில் சறுக்காமலிருக்க வாசலுக்கு உப்புப் போட்டது யார் என்று தெரியுமா என்று கேட்டார். அத்தான் காரின் பின்பெட்டியில் எப்போதும் ஒரு உப்பு மூட்டை வைத்திருப்பாராம். ஆராதனை முடியும் நேரம் பார்த்து இறங்கி, சறுக்காமல் படியெல்லாம் தூவிவிட்டு மறுபடி காருக்குள் ஏறிவிடுவாராம். அத்தனை கொப்பிகளில் வானிலை எழுதியவன் நான். படி ஏன் சறுக்கவில்லை என்று ஒரு நாளும் எழுதியதில்லை.

அடுத்த நாள் ஆராதனை முடிந்ததும் பாஸ்ரர் என்னையும் ஏற்றிக்கொண்டு அஜக்ஸுக்குப் போனார். அன்றும் அக்கா ஆராதனைக்கு வந்திருக்கவில்லை. கதவைத் திறந்தவள் அவரை இருக்கச் சொல்லவில்லை.

“அவர் எங்கை, பாஸ்ரர்?”

பாஸ்ரர் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் வாசல் கால்மிதியில் நின்றார்.

“எனக்குத் தெரியாது, அக்கா.”

“அப்ப ஏன் தெரிஞ்ச மாதிரிச் சொன்னனீங்கள்?”

“பயந்தால்தான் வருவினம் எண்டு நினைச்சன். நானும் பயந்துதான் வந்தனான். அதாலை மற்ற வழி எனக்குத் தெரியாமல் போச்சு.” பிறகு சொன்னார்: “கதவு என்ரை கையிலை இல்லை. இருந்திருந்தால் உப்பு மூட்டையோடை நிண்ட மனுசனை வெளியிலை விட்டிருக்கமாட்டன்.”

எந்த உப்பு மூட்டை என்று அக்கா கேட்டாள். அவளுக்கும் தெரிந்திருக்கவில்லை. அதற்குப் பிறகுதான் எங்களை இருக்கச் சொன்னாள்.

பங்குனியில் சமைத்தாள். பதினாறு பேர் வந்தோம். பாஸ்ரரின் ஜெபம் இரண்டு நிமிடம்கூட இல்லை. அத்தானின் தம்பி, “இவ்வளவு கெதியாய் முடிக்கலாமெண்டால் ஞாயிறிலை ஏன் ஆக்களைப் போட்டு வாட்டுறியள்?” என்று கேட்டார். பாஸ்ரரும் சேர்ந்து சிரித்துவிட்டுக் கணவாய்க்கறியை இரண்டாம் தரமும் போட்டுக்கொண்டார்.

சாப்பிட்ட கை காயுமுன்னே அக்கா என் பையிலிருந்து கொப்பியை எடுத்து நீட்டினாள். அந்தப் பிரசங்கத்தை எல்லோருக்கும் முன்னால் வாசிக்கச் சொன்னாள். நான் பாஸ்ரரைப் பார்த்தேன். வாசியுங்கோ என்று தலையசைத்தார். இந்த முறை எங்கும் நிறுத்தவில்லை, குரலைத் தாழ்த்தவுமில்லை. நட்சத்திரத்துக்கு வந்தேன். கார் ஸ்ராட்டிலை நிக்கும் என்றேன்.

“அதிலை நிப்பாட்டு,” என்றாள் அக்கா. “கார் ஏன் ஸ்ராட்டிலை நிண்டது எண்டு தெரியுமோ? நான் ஏறேக்கை சீற் சூடாய் இருக்கவேணும் எண்டு. எனக்கு முழங்கால் நோ. அதையும் அதிலை எழுது.”

எழுதினேன். திகதியும் போட்டேன்.