எட்டூர் சத்தமும் செல்வி அக்காவின் ஊரும்

நான் பட்டம் வாங்கியதும் எங்கள் அப்பா முதலில் ஃப்ளெக்ஸ் அடித்தார், அடுத்து ஸ்பீக்கர் பாக்ஸ் கட்டினார். வளவனூருக்குப் பக்கத்தில் கரும்பு வெட்டிப் பிழைக்கிற எங்கள் தெருவில் கல்லூரிக்குப் போய் முழுசாகப் படித்து முடித்த முதல் ஆள் நான். கல்யாணத்துக்குக் கட்டுவது போலக் கட்டியே ஆகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். திண்டிவனத்திலிருந்து குட்டியானையில் பாக்ஸ் வந்தது. வண்டியிலிருந்து மூன்று பேர் இறங்கினார்கள். அதில் ஒருவர் பெண்.

"யாரும்மா நீ? சமையலுக்கு வந்தியா?" என்றார் அப்பா.

"இல்லப்பா, பாட்டு போட வந்தேன்."

"பாட்டு போடற ஆளு எங்க?"

"அதான் நிக்கறேனே. ரஞ்சித்து பாக்ஸ் கட்டுவான், குமரேசன் அண்ணன் ஜெனரேட்டர் பாத்துக்குவாரு. பாட்டு நான்தான்."

அப்பாவின் முகம் சுருங்கிப்போனது. கொடுத்த அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டுவிடுவாரோ என்று நான் பயந்தேன்.

அந்தப் பெண் அதையெல்லாம் கண்டுகொள்ளவில்லை. போனைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். எங்கள் பக்கம் யார் பாக்ஸ் கட்டினாலும் முதலில் பிள்ளையார் பாட்டுதான் போடுவார்கள். அன்று சாயந்தரம் முதலில் வந்தது என் அம்மாவின் குரல். "ஏய் கறுப்பி, எங்கடி போற, வாடி இந்தாண்ட!" என்று ஆட்டைத் திட்டுகிறார். அதன் பின்னால் அப்பா கல்லில் வெட்டுக்கத்தி தீட்டுகிற சத்தம். கர்ரக், கர்ரக். கேட்டுக்கொண்டே இருக்கும்போது அதுவே தாளமாக மாறி, அதன்மேல் பாட்டு வந்து உட்கார்ந்தது. தெருவே ஒரு நிமிடம் வாயைப் பிளந்து நின்றது. அப்புறம் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! "ஐயோ, எம் மானத்த வாங்கறாளே!" என்று அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அப்பா மட்டும் பாக்ஸுக்கு நேரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அப்படித்தான் எனக்கு ஆரோக்கியசெல்வி அக்கா அறிமுகமானார்.

அவரும் ரஞ்சித்தும் குமரேசன் அண்ணனும் சேர்ந்து தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் 'எட்டூர் சத்தம்'. கல்யாணம், காதுகுத்து என்றால் காசு வாங்குவார்கள். மாதத்தில் ஒரு சாயந்தரம் ஏதாவது ஓர் ஊரில் இலவசமாகப் போடுவார்கள். யாரும் வரலாம், யாரும் ஆடலாம். சாதியைத் தூக்கிப்பிடிக்கிற பாட்டு கிடையாது, கட்சிப் பாட்டும் கிடையாது. தொடக்கம் மட்டும் அந்த ஊரின் சத்தமாகவே இருக்கும். ஒரு வாரம் முன்னதாகவே செல்வி அக்கா போய் மல்லாட்டை என்கிற நிலக்கடலையை உடைக்கிற மிஷின், டவுன் பஸ் கதவு, பால் சொசைட்டி கேன் என்று எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டு வந்துவிடுவார். 'இது எங்க ஊட்டு மிஷின்டா' என்று கூட்டத்தில் ஒருவன் கத்துவான். அவனுக்குப் பக்கத்தில் நிற்பவனோடு அவன் அதுவரை பேசியே இருக்கமாட்டான். இப்போது பேசுவான். அக்காவுக்கு வேண்டியது அதுதான்.

அவருடைய சொந்த ஊர் முகையூர் பக்கம். அப்பா தேவசகாயம் கொத்து வேலை. அக்கா பி.காம். முடித்துவிட்டு, திண்டிவனத்தில் போன் ரிப்பேர் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். பக்கத்திலேயே ரஞ்சித் வீட்டு சவுண்டு சர்வீஸ். மதியச் சாப்பாட்டு நேரத்தில் போய்ப் போய், பாட்டைக் கூட்டிக் குறைக்கிற மிக்சரில் கைவைத்துக் கற்றுக்கொண்டார். எந்தெந்த ஊரிலோ போட்டாயிற்று. சொந்த ஊரில் மட்டும் போட முடியவில்லை.

அந்த ஊரில் பள்ளிக்கூட மைதானம் ஊருக்கும் காலனிக்கும் நடுவில் இருக்கிறது. பிள்ளைகள் படிக்கும்போது ஒன்றாக உட்காருகிற இடம். படித்து முடித்துவிட்டால் அப்புறம் யாரும் ஒன்றாக உட்காருவதில்லை. அந்த மைதானத்தில் ஒரே ஒரு சாயந்தரம் இரண்டு பக்கத்து ஆட்களும் ஒரே பாக்ஸுக்கு முன்னால் உட்காரவேண்டும் என்பது அக்காவின் ஆசை. எனக்குத் தெரிந்து வேறு எதற்கும் அவர் அப்படி அலைந்ததில்லை. ஒருமுறை தேர்தல் என்றார்கள். ஒருமுறை ஊரில் சாவு. ஒருமுறை காரணமே சொல்லவில்லை. அலைச்சலில் சில நாள் நானும் கூடப் போயிருக்கிறேன். ஊர்ப் பெரியவர் வெங்கடாசலம் எங்களை வாசலிலேயே நிற்க வைத்து, "பாக்கலாம், பாக்கலாம்" என்பார். விழுப்புரத்தில் பாடம் எடுக்கிற வாத்தியார் நான் என்று சொன்னபிறகு எனக்கு மட்டும் நாற்காலி வந்தது. நான் உட்காரவில்லை.

கடைசியில் ஒத்துக்கொண்டார். ஒரு நிபந்தனை. பாக்ஸ் ஊரைப் பார்த்துத்தான் இருக்கவேண்டும். காலனிப் பையன்கள் உடனே, "அப்ப நாங்க பின்னால நின்னு முதுகையா கேக்கறது?" என்று சண்டைக்குக் கிளம்பிவிட்டார்கள்.

அக்கா பாக்ஸை மைதானத்தை ஒட்டிய ஏரியைப் பார்த்துத் திருப்பி வைத்தார். காலனியைப் பார்க்கவில்லையே என்று பெரியவரும் விட்டுவிட்டார். "நல்லாக் கேக்கணும்னா ரெண்டு பேரும் மைதானத்துக்குள்ள வந்து ஏரிப் பக்கம்தான் உக்காரணும். வேற வழியில்ல" என்றார் என்னிடம். அந்த நேரம் அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் அதற்கப்புறம் பார்க்கவில்லை.

வந்தார்கள். உண்மையாகவே வந்தார்கள். நடுவில் கொஞ்சம் இடம் விட்டுத்தான் உட்கார்ந்தார்கள், ஆனால் வந்தார்கள். வெங்கடாசலம் நாற்காலியில் இருந்தார். காலனிப் பக்கம் தேவசகாயம் வெள்ளைச் சட்டையில் இருந்தார். பால் கேன் சத்தம் வந்தது, சிரித்தார்கள். பஸ் கதவு, மல்லாட்டை மிஷின், இரண்டு பக்கமும் கைதட்டல். அடுத்தது தண்ணீர் டேங்க் குழாய். குடத்தில் தண்ணீர் விழுகிற சத்தம். அதற்கு நடுவே ஒரு பெண் குரல்:

"ஏ, ஒங் கொடத்த அந்தாண்ட எடு. எங் கொடத்து மேல படுது பாரு."

அவ்வளவுதான். பெரிய பாக்ஸில், மைதானம் முழுக்க.

ஊர்ப் பக்கம் பாஞ்சாலி என்கிற அம்மாவின் குரல் அது. எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது, ஆனால் ஒருவரும் அசையவில்லை. பிறகு காலனிப் பையன் ஒருவன் எழுந்து, "இன்னொரு வாட்டி போடுக்கா! பெரியவருக்குக் காது கேக்கல!" என்று கத்தினான். பாஞ்சாலியின் மகன் மிக்சரைத் தள்ளிவிட ஓடிவந்தான். குமரேசன் அண்ணன் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். ரஞ்சித் வயரைப் பிடுங்கினான். வெங்கடாசலம் எழுந்து, "வேணும்னே பண்ணியிருக்கா. கூப்புட்டு வச்சு அசிங்கப்படுத்திட்டா" என்று சொல்லிவிட்டு நடந்தார். ஊர்ப் பக்கம் மொத்தமாகக் காலியானது.

அக்கா வேண்டுமென்றே செய்யவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரமாக இருக்கிறது. திரும்பி வரும்போது வண்டியில் ரஞ்சித் கேட்டான்:

"எனக்கு பொம்பளைங்க சண்ட மாரிதான் கேட்டுச்சு, வெளியூர்க்காரன். நீ எப்டிக்கா உட்ட?"

"அத வெட்டும்போது பத்து வாட்டி கேட்டேண்டா" என்றார் அக்கா. "எனக்கு அது தண்ணி சத்தத்தோட சத்தமாத்தான் இருந்துச்சு. சின்னதுலேர்ந்து கேட்டுகினே இருக்கேன். அது ஒரு பேச்சுன்னே தோணல."



காவல் நிலையத்தில் இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். தப்புத்தான் என்று அக்கா எழுதிக் கொடுத்துவிட்டால் முடித்துவிடலாம் என்றார்கள்.

"சொன்னது நான் இல்லீங்களே. நான் எதுக்கு எழுதித் தரணும்?" என்றார் அக்கா.

"நீதானம்மா மைக்குல போட்ட?"

"கொழாயில சொன்னா தப்பில்ல, மைக்குல வந்தாத்தான் தப்புங்களா?"

"படிச்ச பொண்ணுன்னு பாத்தா, ரொம்பப் பேசற" என்றார் அந்த அதிகாரி. படித்ததனால்தான் பேசுகிறார் என்று நான் சொன்னேன். என்னை வெளியே நிற்கச் சொன்னார்கள்.

ஊர்க்காரர்கள் கோபப்படுவதை அக்கா எதிர்பார்த்தார். சொந்த வீட்டிலிருந்து வந்ததைத்தான் எதிர்பார்க்கவில்லை.

"தெனம் கேக்கறதுதானே! அத எதுக்கு எடுத்து ஊரறியப் போட்ட?" என்றார் தேவசகாயம். "நாளைக்கி எனக்கு எவன் கொத்து வேல குடுப்பான்? பேஜாரு புடிச்சவளே."

"தெனம் கேக்கறீங்கல்ல? என்னிக்காச்சும் ஒருநாள் திருப்பிக் கேட்டிருக்கீங்களாப்பா?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். இருவரும் அதற்கப்புறம் சரியாகப் பேசவில்லை.

பிரச்சினை பெரிதாகாமல் இருக்க, ஊராட்சியில் கூடிப் பேசி ஒரு முடிவு எடுத்தார்கள். காலனிக்குத் தனியாக ஒரு குழாய். நல்ல முடிவு என்று எல்லோரும் சொன்னார்கள். காலனியிலும் சொன்னார்கள், தண்ணீர் கிட்டேயே வந்துவிட்டது என்று. நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை திண்டிவனத்துக்குப் போய் அக்காவிடம் சொன்னபோது, அவர் ஒரு போனைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"ஒண்ணா உக்கார வைக்கலாம்னு போனேன் தம்பி. ரெண்டாப் பிரிச்சுக் கொழாய் போட்டுட்டானுங்க" என்றார். கையிலிருந்த சின்ன ஸ்க்ரூ கீழே விழுந்து உருண்டது. அதைத் தேடுகிற சாக்கில் மேஜைக்கு அடியில் குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை.

யார்மேல் கோபப்படுவது என்றே எனக்கு விளங்கவில்லை. அந்தக் குரலுக்குச் சொந்தக்காரி இன்றைக்கும் அதே குழாயில்தான் தண்ணீர் பிடிக்கிறார். அவரிடம் யாரும் எதையும் எழுதி வாங்கவில்லை.

செல்வி அக்கா இப்போது திண்டிவனத்தில் வாடகை அறையில் இருக்கிறார். பகலில் போன் ரிப்பேர் கடை, கல்யாண நாட்களில் மிக்சர். 'எட்டூர் சத்தம்' மாதம் ஒரு சாயந்தரம் மற்ற ஊர்களில் நடக்கிறது. தொடக்கத்துச் சத்தங்களை இப்போது மூன்று பேரும் உட்கார்ந்து கேட்டபிறகுதான் போடுகிறார்கள். அவர் எதையும் எழுதிக் கொடுக்கவில்லை. அவருடைய ஊர் மைதானத்தில் அவர் பாக்ஸ் கட்ட இன்றுவரை அனுமதி இல்லை.