பிளஸ்ஸிலிருந்து கிளம்பிய அம்பு

ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனால் ஆஸ்டின் டவுனில் கார் வயரிங் என்று யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், என் பட்டறையைத்தான் கைகாட்டுவார்கள். கம்பெனி சர்வீஸில் இரண்டு வாரம் நிறுத்திவைத்து, முடியாது என்று திருப்பி அனுப்பிய வண்டிகளை அரை நாளில் ஓடவிட்டிருக்கிறேன். பெருமைக்காகச் சொல்கிறான் என்பீர்கள். ஆமாம், பெருமைதான்.

என் மகள் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி படித்தாள். எல்லாப் பேப்பரும் பாஸ், ஆர்கானிக் மட்டும் இரண்டு முறை போய்விட்டது. மூன்றாவது முறையும் போனால் பட்டம் கிடையாது என்று காலேஜில் சொல்லிவிட்டார்கள். பட்டம் வந்தால் ஜிகணியில் ஒரு மருந்து கம்பெனி லேபில் சேர்த்துக்கொள்வதாகப் பேச்சு.

அவளை வாட்டியது மெக்கானிசம். ஒரு பொருள் இன்னொன்றாக மாறும்போது எலக்ட்ரான் எங்கிருந்து எங்கே போகிறது என்று வளைந்த அம்பு போட்டுக் காட்டவேண்டுமாம். அவள் நோட்டைப் பார்த்து வரைவாள், பிறகு கையால் மறைத்துக்கொண்டு அதையே வரைவாள், கோலத்தை மனப்பாடம் செய்கிற மாதிரி. அப்படிப் பதினேழு கணக்கு கண்ணை மூடிக்கொண்டு வரும். பதினெட்டாவது புதிதாக வந்தால் பென்சில் அசையாது.

"எங்கேருந்து ஆரம்பிக்கிறதுன்னே தெரியலப்பா."

நோட்டை வாங்கிப் பார்த்தேன். அம்பு மைனஸில் கிளம்பிப் பிளஸ்ஸில் போய் நின்றது. சிரிப்பு வந்துவிட்டது.

"என்னம்மா, தலைகீழா போட்டு வச்சிருக்க? பேட்டரில கரண்ட்டு பிளஸ்ல கிளம்பித்தான் மைனஸுக்குப் போவும்."

"மேடம் இப்படித்தான் போட்டாங்க."

"உங்க மேடம் எத்தினி வண்டிக்கு வயர் இழுத்திருக்காங்க? நான் நாப்பது வருசமா இழுக்கறேன். பிளஸ்ஸ கண்டுபிடி, அங்கேருந்து அம்ப உடு. அவ்ளோதான் விசயம்."

"இவ்ளோ ஈஸியாப்பா?"

பாவம், அத்தனை நாளில் அவள் கைக்குக் கிடைத்த முதல் விதி அது. அந்த வாரம் முழுக்கப் பழைய அம்புகளை அழித்து அழித்துத் திருப்பினாள். புதுக் கணக்கைக் கண்டாலும் தயங்கவில்லை. காலேஜ் மூன்று வருடத்தில் புரியவைக்காததை நான் ஒரே சாயங்காலத்தில் புரியவைத்தேன் என்று பட்டறைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன்.

பரீட்சை எழுதிவிட்டுச் சிரித்துக்கொண்டே வந்தாள். ரிசல்ட் வந்தது, ஃபெயில். விடைத்தாளின் நகலை வாங்கிக்கொண்டு அவளுடைய மேடத்திடம் போனோம். சண்டை போடத்தான் நான் கூடப் போனேன்.

தாள் முழுக்கச் சிவப்பு. ஒவ்வொரு அம்பின் அடியிலும் ஒரு சுழி.

"இங்க நோடி, பாருங்க சார்." ஆக்சிஜன் எழுத்தின் மேல் இருந்த இரண்டு புள்ளிகளில் மேடம் விரல் வைத்தார். "இந்தப் புள்ளிதான் எலக்ட்ரான். இருக்கிற எடத்துலேந்துதானே கிளம்பணும்? பிளஸ்ல என்ன இருக்கு? ஒண்ணுமில்ல. இல்லாதவங்க எப்படி சார் குடுப்பாங்க?"

"வண்டில அப்படி இல்லீங்களே."

"உங்க வயர்லயும் எலக்ட்ரான் மைனஸ்லேந்துதான் ஓடுது. பிளஸ்லேந்து வருதுன்னு சொல்றது பழைய வழக்கம், அவ்வளவுதான்." பிறகு என் மகள் பக்கம் திரும்பினார். "போன ரெண்டு பேப்பர்ல இந்தத் தப்பு இல்லையேம்மா. பாதியோட விட்டிருந்தே, ஆனா எழுதினது சரி. யார் உனக்கு இப்படிச் சொன்னது?"

எந்தச் சபையிலும் திக்காத நான், குனிந்து தாளிலிருந்த சுழிகளை எண்ண ஆரம்பித்தேன்.

"நானாத்தான் மேடம் மாத்திக்கிட்டேன்" என்றாள் என் மகள்.

இப்போது அவளுக்கு ஒரு செல்போன் கடையில் காலையிலிருந்து நின்றுகொண்டே வேலை. கால் வீங்கி வருகிறாள். பட்டறையில் வண்டிகள் வருகின்றன, சரியாகிப் போகின்றன. அன்றைக்கு மேடத்திடம் நான்தான் சொல்லிக்கொடுத்தேன் என்று ஏன் சொல்லவில்லை என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டுத் திட்டியிருந்தால் பதிலுக்குக் கத்தியாவது தீர்த்திருப்பேன்.