குழம்பைக் குறை சொல்லாத நாள்

அந்தமானில், மாயாபந்தரில் நான் ஸ்டாஃப் நர்ஸாகச் சேர்ந்த இரண்டாவது வருஷம் நடந்தது இது. அறுபதுகளின் நடுப்பகுதி. ஆஸ்பத்திரியில் ஒரே டாக்டர்தான். அவரும் மாதத்தில் சில நாட்கள் வடக்கே குடியேற்றக் கிராமங்களுக்கு போட்டில் கேம்ப் போய்விடுவார். அப்போது வார்டு என் பொறுப்பு. கூட ஒரு கம்பவுண்டர் இருந்தார்.

சவரிமுத்து தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரர், படகு கட்டும் தச்சர். முந்தின மழைக்காலத்தில் மலேரியாவுக்காகப் பத்து நாள் எங்களிடம் இருந்தவர். அந்தப் பத்து நாளும் ஓயாமல் குறைதான். டீயில் சீனி இல்லை, ஜன்னல் ஆடுகிறது, பக்கத்துப் படுக்கைக்காரர் குறட்டை விடுகிறார் என்று ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பார். டிஸ்சார்ஜ் ஆன மறுநாள் உளியும் சுத்தியலுமாக வந்து அந்த ஜன்னலைச் சரிசெய்துவிட்டுப் போனார். எங்கள் எல்லோருக்கும் அவரைப் பிடிக்கும். ஆனால் அவர் சொல்வதை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

இந்த முறை படகுத்துறையில் மரம் உருண்டு, வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து வந்தார். டாக்டர் எலும்பைச் சேர்த்து, தொடையிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டுப் போட்டார். மறுநாள் விடிந்ததும் கேம்ப் கிளம்பிவிட்டார்.

காலை எட்டு மணிக்கு ரவுண்ட்ஸ் போனேன்.

"சிஸ்டர், கட்டு நெரிக்கி. உள்ள யாரோ பிழியுத மாரி இருக்கு."

"எலும்பு முறிஞ்சா வலிக்கத்தான் செய்யும் அண்ணாச்சி. புதுக் கட்டு இறுக்கமாத்தான் தெரியும்."

இரண்டு வலி மாத்திரை கொடுத்துவிட்டு நகர்ந்தேன். பத்து மணிக்கு மறுபடி கூப்பிட்டார். அப்போது பிரசவ அறையில் ஒருத்திக்கு வலி எடுத்திருந்தது. வாசலில் நின்றபடியே, "மாத்திரை வேலை செய்யட்டும், கொஞ்சம் பொறுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன்.

பகல் பன்னிரண்டரைக்கு அவர் மனைவி ரோசம்மாள் சாப்பாட்டுத் தூக்கோடு என் மேஜைக்கு வந்து நின்றாள்.

"சிஸ்டர், அவுகளை வந்து பாருங்க. ரெண்டு வாய்தான் தின்னாக. குழம்புல உப்பு போட மறந்துட்டேன், ஒண்ணுமே சொல்லல. இருபது வருசத்துல இப்படி இருந்ததில்ல. எனக்குப் பயமாருக்கு."

எழுந்து ஓடினேன். அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார், முகமெல்லாம் வேர்வை. போர்வையை விலக்கினேன். கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்கள் வீங்கி, நீலம் பாய்ந்து, தொட்டால் சில்லென்று இருந்தன. நகத்தை அழுத்தி விட்டேன். வெளுத்த இடத்தில் ரத்தம் திரும்ப வெகுநேரம் ஆயிற்று. எந்த விரலைத் தொடுகிறேன் என்று கேட்டேன். "தொட்டீங்களா?" என்றார். பெருவிரலை லேசாக மேலே தூக்கினேன். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அலறினார்.

உள்ளே கால் வீங்கிக்கொண்டிருந்தது. கட்டு இடம் விடவில்லை. ரத்த ஓட்டம் நின்றுகொண்டிருந்தது.

கம்பவுண்டர் தயங்கினார். "டாக்டர் போட்ட கட்டு சிஸ்டர். எலும்பு நகர்ந்துட்டா ஜவாப் யார் சொல்றது? வயர்லெஸ்ல மெசேஜ் குடுப்போம்."

"குடுங்க. பதில் எப்ப வரும்?"

"போட் எங்க நிக்குதோ. நாளைக்கு ஆகலாம்."

"அதுவரைக்கும் இந்தக் கால் தாங்காது."

எனக்கும் பயம்தான். மாவுக்கட்டைப் பிளப்பதைப் பயிற்சியில் பார்த்திருக்கிறேன், செய்ததில்லை. சவரிமுத்துவிடம் ஒளிக்காமல் சொன்னேன். "கட்டைப் பிளக்கப் போறேன். எலும்பு கொஞ்சம் விலகலாம். பிளக்கலைன்னா கால் போயிரும்."

"வெட்டுங்க" என்றார்.

கம்பவுண்டர் காலை அசையாமல் பிடித்துக்கொண்டார். தண்ணீரால் நனைத்து நனைத்து, கத்தியாலும் கத்தரியாலும் மேலிருந்து கீழ்வரை வெட்டினேன். உள்ளே இருந்த பஞ்சையும் தோல் தெரியும்வரை வெட்டி, கட்டை அகலப்படுத்தி, மேலே தளர்வாகத் துணி சுற்றினேன். பிறகு விரல்களைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். கொஞ்சம் கொஞ்சமாகச் சூடு வந்தது. ஒரு மணி நேரத்தில் நகங்கள் சிவந்தன.

அவர் தலையைத் தூக்கிக் காலைப் பார்த்தார். "என்ன சிஸ்டர், கோடு இப்படிக் கோணலா போயிருக்கு."

ரோசம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நானும் ஸ்டெரிலைசர் அறைக்குள் போய்க் கொஞ்சநேரம் நின்றுவிட்டு வந்தேன்.

மறுநாள் மாலை டாக்டர் வந்ததும் நேரே அந்தப் படுக்கைக்குப் போய் விரல்களை அசைக்கச் சொன்னார்.

"பஞ்சையும் வெட்டினீங்களா?"

"தோல் தெரியற வரைக்கும் சார்."

"நல்லது. மாவை மட்டும் வெட்டியிருந்தா பிரயோஜனம் இல்ல."

பிறகு ரிப்போர்ட் புத்தகத்தைப் படித்தார். 'காலை எட்டு மணிக்கும் பத்து மணிக்கும் நோயாளி வலி என்றார். நான் விரல்களைப் பார்க்கவில்லை' என்று எழுதியிருந்தேன்.

"இந்த வரி எதுக்கு? அடிச்சிடுங்க. யாரும் கேக்கப் போறதில்ல."

"இருக்கட்டும் சார்."

அந்த வரியை மறுபடி படித்தார். கீழே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

எலும்பு சற்று விலகித்தான் கூடியது. சவரிமுத்து லேசாகச் சாய்ந்து நடந்தார். ஆனால் சொந்தக் காலில் நடந்தார், படகு கட்டினார். டிஸ்சார்ஜ் அன்று இருவரிடமும் அந்த நாலரை மணி நேரத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். ரோசம்மாள்தான் பதில் சொன்னாள்: "நானும் வீட்ல அவுக சொல்லுததக் கேக்குததில்ல சிஸ்டர்."

புதிதாக வேலைக்கு வரும் பெண்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். யார் எப்படிப்பட்டவர் என்று நமக்குத் தெரிந்துவிட்டதாக நினைக்கிற நோயாளியிடம்தான் நாம் அதிகம் தவறுகிறோம். கட்டுப் போட்டவர் வலி என்றால், மாத்திரை எடுக்கப் போவதற்கு முன்னால் விரலைத் தொட்டுப் பாருங்கள். அரை நிமிஷம்கூட ஆகாது.