கதவுக்குப் பின்னால் நின்ற தூண்டில்

பன்னிரண்டு மணி நேர வேலை என்று வாயால் சொல்வது சுலபம். ராத்திரி முழுக்கப் பிறை என்கிற ஊரில் தொழிற்சாலைக்குள் நின்றுவிட்டு, விடிந்ததும் லாரிகளுக்கு நடுவில் மோட்டார் சைக்கிளை ஓட்டிக்கொண்டு பாலத்தைக் கடந்து பினாங் தீவுக்கு வந்து பாருங்கள், தெரியும். எனக்கு முட்டி வலி, இடுப்பு வலி, அதற்கு மேல் எரிச்சல். அர்ஜுனண்ணனுக்கு என்னைவிட ஆறேழு வயது கூட. அதே வலியெல்லாம் அவருக்கும் உண்டு. ஆனால் மனுஷன் வீட்டுக்குப் போய்ப் படுக்க மாட்டார். நேராக மீன் பிடிக்கப் போவார். கூட வரச்சொல்லி என் உயிரையும் வாங்குவார்.

சுங்கை பினாங் அடுக்குமாடியில் எங்கள் இரண்டு பேருக்கும் எதிரெதிர் வீடு. தொழிற்சாலையில் ஒரே ஷிப்ட். அவர் பெட்டி கட்டும் பகுதி, நான் கட்டிய பெட்டியை ஃபோர்க்லிப்டில் தூக்குகிறவன். இருபது வருஷத்துப் பழக்கம். இனி விட்டுத் தொலைக்கவும் முடியாது.

அவருடைய தூண்டில் வாசல் கதவுக்குப் பின்னால், குடைக்குப் பக்கத்தில் சாய்ந்து நிற்கும். வருஷத்தில் ஒரு மாதம் மட்டும் அது அங்கே இருக்காது. புரட்டாசி பிறப்பதற்கு முந்தின நாள் அவர் மனைவி நல்லம்மாள் அக்கா அதைப் பழைய கைலியில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவார். அந்த மாதம் முழுக்க அந்த வீட்டில் கவிச்சி கிடையாது. சமையலுக்குப் புழங்குவதுகூட அலமாரி உச்சியில் இருக்கும் தனிச் சட்டி. "ஒளிச்சு வச்சவதான் எடுத்துக் குடுப்பா. நீங்க கட்டிலுக்குக் கீழே கையை விடக்கூடாது" என்பது அக்கா போட்ட சட்டம். ஐப்பசி முதல் நாள் அக்காவே எடுத்துக் கொடுப்பார்.

அண்ணன் காலண்டர் பார்க்கிற ஆள் இல்லை. ஷிப்டில் ஓடுகிறவனுக்குத் திங்கள் செவ்வாயே குழம்பும், தமிழ் மாதம் எங்கே நினைவிருக்கப்போகிறது. காலையில் கதவுக்குப் பின்னால் தூண்டில் இல்லையென்றால் புரட்டாசி. அவருக்கு அவ்வளவுதான் கணக்கு. எனக்கும் அக்காதான் சேதி சொல்வார். "சாதிக் தம்பி, ஒரு மாசத்துக்கு இவரக் கடல் பக்கம் கூப்பிடாதீங்க" என்பார். யார் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று அக்காவுக்கு நன்றாகத் தெரியும். சும்மா என்னைச் சீண்டுவது.

தை மாதம் அக்கா இறந்துபோனார். காய்ச்சல் என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

ஒரே மகன் ஹரீஷ். கோலாலம்பூரில் வேலை. அம்மா காரியம் முடிந்த பிறகு மூன்று முறை வந்தான். வந்தான், படுத்தான், போனான். வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கீழே கடையில் சாப்பிட்டுவிட்டு மேலே வருவான். கேட்டதற்கு, "அம்மா இல்லாத அடுப்படியப் பார்க்க முடியலப்பா" என்று ஒருமுறை சொல்லிவிட்டான். அது அண்ணன் மண்டையில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

"சாதிக், அவன் என் வீட்டுல ஒரு வேளை உக்காந்து சாப்புட்டாப் போதும்லா," என்றார். "இல்லன்னா வர்றதையே விட்டுருவான். அவனக் குத்தம் சொல்ல முடியாது. இங்க என்னா இருக்கு, நான் மட்டும்தானே?"

சுடுதண்ணீர் வைக்கவே பழகாத ஆள். ஆனால் பையன் தன் கைபேசியில் போடுகிற படங்களைப் பார்த்திருக்கிறார். ஒருநாள் டம்ப்ளிங், ஒருநாள் பாஸ்தா. இதுதான் அவன் விரும்பிச் சாப்பிடுவது என்று முடிவுகட்டிவிட்டார். அன்றிலிருந்து பிடித்தது எனக்குச் சனி. ஓய்வு நாளில் மீன் பிடிக்க வேண்டும், அந்த மீனைப் பிசைந்து மாவுக்குள் வைத்து மடிக்க வேண்டும், அதை நான் தின்று பார்த்து நல்லாயிருக்கு என்று சொல்லவும் வேண்டும்.

"மீன் கொழுக்கட்டைண்ணே இது. பேர மாத்திச் சொன்னா ஆச்சா?" என்பேன்.

"சாப்பிடுலா, பேசாம."

முதலில் செய்ததெல்லாம் கொதிக்கிற தண்ணீரில் வாயைப் பிளந்துகொண்டன. பாஸ்தா என்று முட்டை ஊற்றிப் பிசைந்து, சப்பாத்திக் கட்டையால் தேய்த்து, நாடா நாடாக வெட்டி, துணி மாட்டுகிற ஹேங்கரில் தொங்கவிட்டிருப்பார். பக்கத்திலேயே அவருடைய வேலைச் சட்டையும் காயும். மனுஷனுக்குக் கிறுக்கு பிடித்துவிட்டது என்று என் வீட்டுக்காரி ஷஹீதாவிடம் சொன்னேன். அவள், "அவருக்காவது பிடிச்சிருக்கு. நீங்க தூங்குறதத் தவிர வேற என்னா செய்றீங்க?" என்றாள். இவளிடம் வாய் கொடுத்தது என் தப்பு.

உண்மையைச் சொல்கிறேன், போகப்போக நன்றாகவே வந்தது. மாவைத் தேய்க்கும்போது அவர் முகத்தில் இருந்த களைப்பு கொஞ்சம் இறங்கும். ஜெலுத்தோங் கரையோரம் பாறையில் உட்கார்ந்து தூண்டிலைப் போட்டுவிட்டு, "இதுல கொஞ்சம் இஞ்சி கூடப் போட்டா எப்படி இருக்கும்?" என்று கேட்பார். அந்த நேரத்தில் மட்டும் பழைய அர்ஜுனண்ணன் மாதிரி இருப்பார். எனக்கும் அதைப் பார்க்கப் பிடித்திருந்தது. அதனால்தான் தூக்கத்தை விட்டுவிட்டுப் போனேன்.

போன வாரம் ஹரீஷ் கூப்பிட்டான். சனிக்கிழமை வருகிறேன், ஞாயிறு காலை பஸ் என்றான். அவ்வளவுதான் பேச்சு. அப்பனும் மகனும் எப்போதுமே அப்படித்தான், காசு கொடுத்தாலும் நாலு வார்த்தைக்கு மேல் பேச மாட்டார்கள்.

வியாழக்கிழமை விடிகாலை ஷிப்ட் முடிந்து நேராகக் கரைக்குப் போனோம். வெயில் ஏறி, நான் பாறையிலேயே சாய்ந்து தூங்கிவிட்டேன். கண் விழித்தபோது அண்ணன் தூண்டிலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். நல்ல பெரிய கொடுவா. கரைக்கு இழுத்துப் போட்டுவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

"மீன் பாசார்ல கூட இந்த மாதிரி கெடைக்காது, சாதிக்," என்றார். "பையனுக்கு யோகம்லா."

வெள்ளிக்கிழமை முழுக்க அந்த வீட்டில் மீன் வாசம். மீனை முள் எடுத்து, இஞ்சியும் வெங்காயத்தாளும் சேர்த்துப் பிசைந்து, மடித்து மடித்துத் தட்டில் அடுக்கினார். தலையையும் எலும்பையும் வேகவைத்துப் பாஸ்தாவுக்குக் குழம்பு. மறுநாள் மதியம் உப்பு பார்க்க என்னையும் கூப்பிட்டார். நான் போய் உட்கார்ந்த நேரம் ஹரீஷ் வந்துவிட்டான்.

பையன் இளைத்திருந்தான். நெற்றியில் சின்னதாகத் திருநீறு. பையைக் கீழே வைத்துவிட்டு மேசையைப் பார்த்தான். ஆவி பறக்க டம்ப்ளிங், பக்கத்தில் மீன் குழம்பு ஊற்றிய பாஸ்தா. அண்ணன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருய்யா. எல்லாம் நானே செஞ்சது," என்றார். அவர் குரல் அப்படிக் குழைந்து நான் கேட்டதே இல்லை.

ஹரீஷ் உட்காரவில்லை.

"அப்பா," என்றான். "இன்னிக்கு மூணாவது சனிக்கிழமை. புரட்டாசி."

எனக்குத் தலையில் இடி. அக்கா சாவு விழுந்து வருஷம் திரும்பவில்லை என்று அண்ணன் கோயில் பக்கமே போகவில்லை. ராத்திரி ஷிப்டில் யாரும் சொல்லவும் இல்லை. எனக்கு நோன்பு மாதம் எப்போது என்று தெரியும், புரட்டாசியைப் பற்றி என்ன தெரியும்? எனக்குச் சொல்கிறவர்தான் போய்விட்டாரே.

"அம்மா உசுரோட இருந்தவரைக்கும் ஒரு வருஷம் விடல," என்றான் ஹரீஷ். "அதான் நானும் இந்த வருஷம் புடிக்கிறேன். நீங்களும் புடிப்பீங்கன்னு நெனச்சேன். இந்த மாசம் முழுக்க மீனாப்பா சாப்புட்டீங்க?"

அண்ணன் கரண்டியை மேசையில் வைத்தார். வாசல் பக்கம் திரும்பி, கதவையே பார்த்தார்.

"தூண்டில் அங்கேயே இருந்துச்சுடா," என்றார். "தெனம் காலையில பார்த்தேன். அங்கேயேதான் இருந்துச்சு. நான் எப்படிடா தெரிஞ்சிக்கிறது?"

சொல்லிவிட்டு, மகனுக்காக இழுத்துப் போட்ட நாற்காலியில் அவரே உட்கார்ந்து அழுதார். அக்காவின் மையத்தை வீட்டிலிருந்து தூக்கியபோதுகூட அவர் அழுது நான் பார்க்கவில்லை. எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. எழுந்து போய்விடலாமா என்று நினைத்தேன், முட்டி ஒத்துழைக்கவில்லை.

ஹரீஷ் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான். அப்புறம் அடுப்படிக்குள் போனான். அம்மா இல்லாமல் பார்க்க முடியவில்லை என்றானே, அதே அடுப்படி. ஸ்டூலைப் போட்டு ஏறி, அலமாரி உச்சியில் நியூஸ்பேப்பர் சுற்றி வைத்திருந்த சட்டியை இறக்கினான். அக்கா போன வருஷம் கழுவிச் சுற்றி வைத்தது. பேப்பரைப் பிரித்துச் சட்டியைக் கழுவினான்.

"மாவு மிச்சம் இருக்காப்பா?" என்றான் உள்ளிருந்தே.

"மடிக்கிற மாவு இருக்கு," என்றார் அண்ணன், மூக்கைத் துடைத்துக்கொண்டு. "முட்டை போடல. மாவும் தண்ணியும்தான்."

"அங்கிள், கீழ கடையில கோபீசும் தௌவும் வாங்கிட்டு வர்றீங்களா?"

லிப்ட் வேறு வேலை செய்யவில்லை. முனகிக்கொண்டே இறங்கி, முட்டைக்கோஸும் தௌ என்கிற சோயாக் கட்டியும் வாங்கிக்கொண்டு ஏறி வந்தேன். அதற்குள் மேசையைக் கழுவியிருந்தார்கள். பலகையும் கத்தியும்கூடப் பளிச்சென்று இருந்தன. மீன் தட்டெல்லாம் வாசலுக்கு வெளியே எனக்காகக் காத்திருந்தன. அப்பன் மடிக்க, மகன் பார்த்து மடித்தான். அவனுடையது ஒன்றும் வாயை மூடவில்லை.

"ஓரத்துல தண்ணி தொடணும்," என்றார் அண்ணன். வேறு பேச்சு இல்லை.

ஹரீஷ் உட்கார்ந்து சாப்பிட்டான். தட்டைக் காலி செய்துவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று கேட்டான். அண்ணன் சாப்பிடாமல் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மீன் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். ஷஹீதா ஒன்றைக் கடித்துப் பார்த்து, "உப்பு போட்டாரா, கடலையே ஊத்திட்டாரா?" என்றாள். ஆனாலும் அடுக்கடுக்காக உள்ளே தள்ளினாள்.

ஞாயிறு காலை கதவைத் தட்டினார் அண்ணன். ஹரீஷ் விடிகாலையிலேயே பஸ்ஸுக்குப் போய்விட்டானாம்.

"சாதிக், தூண்டிலக் காணோம்."

போய்ப் பார்த்தேன். கதவுக்குப் பின்னால் குடை மட்டும் நின்றது. குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தேன். அக்காவின் அதே பழைய கைலியில் சுற்றி, அக்கா வைக்கிற அதே இடத்தில் கிடந்தது.

"இந்தா இருக்குண்ணே, எடுக்கவா?" என்று கையை நீட்டினேன்.

"தொடாதலா," என்றார். கட்டிலில் உட்கார்ந்து கால்களை மெதுவாக மேலே தூக்கிப் போட்டுக்கொண்டார். "ஒளிச்சு வச்சவன் வந்து எடுத்துக் குடுப்பான்."

பிறகு படுத்துத் தூங்கிவிட்டார். நானும் கதவைச் சாத்திவிட்டு, தூங்கப் போனேன்.