மாமாவின் விமானம்

லண்டன் குட்மேய்ஸில் என் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவர், உலகப்போரில் தன் மாமா இருந்த குண்டுவீச்சு விமானப்படையைப் பற்றித் தேடிக்கொண்டிருந்தார். பேச்சுக்கு நடுவே மாமாவின் படத்தைச் சட்டைக் கையால் துடைப்பார்.

ஒருநாள் தேநீருக்குக் கூப்பிட்டு, மாமா பறந்த விமானத்தின் இரைச்சலைக் கணினியில் போட்டார். மறுகணம் நான் மேசைக்கடியில் கிடந்தேன். யாழ்ப்பாணத்தில் குண்டு விழுந்த நாட்களில் படிந்த பழக்கம்.

"கீழே இருந்தவர்களுக்கு இப்படித்தான் கேட்டிருக்குமா?" என்று குனிந்து கேட்டார்.

"குப்புறப் படுங்கோ! வாயைத் திறவுங்கோ, இல்லாட்டிக் காது வெடிச்சுப்போடும்!"

நான் தமிழில் கத்தியது அவருக்கு எப்படி விளங்கியதோ. முழங்காலைப் பிடித்தபடி இறங்கி, என்னைப் பார்த்து வாயைத் திறந்துகொண்டு படுத்தார். படம் துடைக்கும் கை என் கையை இறுகப் பற்றியது.

இரைச்சலை நிறுத்த இருவருக்குமே தோன்றவில்லை.